முதல் வாய்

மின்கம்பியில் அடிபட்டு ஆண் காகம் செத்து மூன்று நாளாகிவிட்டது. பெண் காகம் கம்பத்தடியிலேயே பட்டினியாக உட்கார்ந்திருந்தது.

"அழுதது போதும்க்கா. சீக்கிரமே வேற ஜோடி அமைஞ்சிடும்," என்றது மைனா.

"உங்கிட்ட ஜோடி கேட்டேனா?" என்றது காகம்.

அன்று அமாவாசை. எதிர் மாடியில், புருஷனை இழந்த செண்பகவல்லி வாழையிலைத் துண்டில் சோறு வைத்து "கா, கா" என்று கூப்பிட்டாள். மாதாமாதம் இரண்டு காகங்களும் அங்கே போய்ச் சாப்பிடும். முதல் வாய் எப்போதும் ஆண் காகத்துக்குத்தான். அது கொத்தியதும் "வந்துட்டீங்களா" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள்.

இன்று பெண் காகம் மட்டும் போனது. ஒரு கவளத்தைக் கவ்விக்கொண்டு திரும்பியது. அதைக் கம்பத்தடியில் வைத்துவிட்டு "கா, கா" என்று கூப்பிட்டது.

மைனாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நமக்கெல்லாம் ஏதுக்கா இந்த வழக்கம்?"

"இன்னையிலேருந்து உண்டு."

காகம் தொண்டை கட்டும்வரை கூப்பிட்டது. கடைசியில் ஒரு கட்டெறும்பு வந்தது.

"போயும் போயும் ஒரு எறும்பு. இதுவா உன் வீட்டுக்காரர்?" என்றது மைனா.

"மாடியில இருக்கிற அந்தம்மா என் வீட்டுக்காரரைத் தன் புருஷன்னு நம்பினாங்க. அவங்களைப் பார்த்து யாராவது சிரிச்சாங்களா? தள்ளி நில்லு. அவர் சாப்பிடட்டும்."

எறும்பு ஒரு பருக்கையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தது. அதற்கப்புறம்தான் காகம் அந்தச் சோற்றில் வாய் வைத்தது.