பிறந்த வீட்டு மான்

"இவன்தான் சார் ராசா தலையில கை வச்சது. மொதல்ல இவனை ஜீப்புல ஏத்துங்க," என்றார் வள்ளி.

மன்னவனூர் காட்டேஜின் காவல்காரர் சோலைமுத்து கைகட்டி நின்றார். பாரஸ்ட் கார்டு கந்தவேல், கொட்டகையிலிருந்து எடுத்து வந்த சாக்குப்பையைத் தரையில் கொட்டினார். ஒரு சாண் நீளத்துக்கு மான்கொம்புத் துண்டு ஒன்று விழுந்தது.

ராசா என்பது ஆளில்லை. சாயங்காலமானால் பக்கத்து பீன்ஸ் தோட்டத்துக்கு வந்து வயிறு முட்ட மேய்ந்துவிட்டுப் போகும் ஒரு கடமான். பேர் வைத்தது வள்ளிதான், இந்த விஷயம் கடமானுக்கு இன்னும் தெரியாது. பழனி அடிவாரத்தில் பாத்திரக்கடை வைத்திருக்கும் அவர், வருஷா வருஷம் மே மாதம் கணவர் செல்வமுருகனோடு அதைப் பார்க்கவே மலையேறி வந்துவிடுவார்.

மான் என்றால் அவருக்கு உயிர். ஏனென்று கேட்டால் புராணத்திலிருந்து தொடங்குவார்.

"முருகனைக் கட்டுன வள்ளி மான் வயித்துல பொறந்தவ. என் பேரும் வள்ளி, எங்க வீட்டுக்காரர் பேருலயும் முருகன் இருக்கு. அப்ப மானு எனக்குப் பொறந்த வீடுதானுங்களே?"

அதனால் சேலையில் மான், கைப்பையில் மான், செல்போனைத் திறந்தால் ராசாவின் முகம். கூடவே வாழும் செல்வமுருகனின் முகமும் அதற்குள் எங்காவது இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும்.

இந்தத் தடவை மூன்று நாளும் வெள்ளனே எழுந்து, கணவரையும் இழுத்துக்கொண்டு வள்ளி காட்டுக்குள் போனார். குளிரில் பனியில் அப்படி ஒரு தேடல். தலை நிமிராமல் தரையைப் பார்த்தபடியே நடந்தார். ராசாவின் காலடித் தடம் பார்க்கிறேன் என்றார்.

நேற்றுச் சாயங்காலம் ராசா தானாகவே தோட்டத்துக்கு வந்தது. தலை மொட்டையாக இருந்தது. இன்று காலை கொட்டகையில் சாக்குப்பையைப் பார்த்த கையோடு பாரஸ்ட் ஆபீசுக்குப் போன் போட்டுவிட்டார் வள்ளி.

"அறுத்த அடையாளம் இல்லம்மா. கடமானுக்கு வருஷம் ஒருக்கா கொம்பு தானா விழும், திரும்ப மொளைக்கும்," என்றார் கந்தவேல்.

"தெரியும் சார். விழுந்தா எடுத்துக்கலாமா? விழுந்த கொம்பும் கவர்மெண்டு சொத்துதானே? வீட்டுல வச்சிருந்தாலே கேஸ்தானே? சட்டம் எனக்கும் தெரியும்."

சட்டம் அப்படித்தான் இருந்தது. கேஸ் எழுதிவிட்டால் சோலைமுத்து உள்ளே போக வேண்டும். வேலை போய்விடும், வேலைக்காகக் கொடுத்த தகர வீடும் போய்விடும்.

"காட்டுல கெடந்துச்சுங்க. ஒங்க ஆபீசுல குடுக்கத்தான் நேத்து எடுத்து வச்சேன். மிச்சத்தை முள்ளம்பன்னி தின்னுருச்சுங்க," என்றார் சோலைமுத்து.

"முள்ளம்பன்னி தின்னுச்சாம். தின்னுறதுக்கு இது என்ன மொளகா பஜ்ஜியா? பாதியை வித்துட்டு மீதிய வச்சிருக்கான் சார்."

"முள்ளம்பன்னி கொம்பைக் கொறிக்கும்மா. பல்லுத் தடம் இருக்கு," என்ற கந்தவேல், சோலைமுத்துவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "ஆனா நேத்தே கொண்டாந்திருக்கணும்யா. இப்ப புகார் வந்துருச்சு, நான் என்ன செய்ய?"

சோலைமுத்துவின் மனைவி வேலம்மா முன்னால் வந்தாள். இலங்கைத் தோட்டத்திலிருந்து சின்னப் பிள்ளையாக இந்த மலைக்கு வந்தவள். "தொரை, இவரு களவு தெரியாத மனுசன். இவரைக் கூட்டிட்டுப் போயிட்டா நாங்க எங்கிட்டுப் போறது?" என்று அழுதாள்.

வள்ளியும் அழுதார், ராசாவுக்காக. "வாயில்லா ஜீவனோட பொருள் மேல ஆசப்பட்டவன் வெளங்குவானா சார்? எழுதுங்க."

கந்தவேலுக்கு மனசே இல்லை. இருந்தாலும் நோட்டைத் திறந்து பேர், ஊர், நேரம் எல்லாம் எழுதினார். அடுத்த வரியில் பேனா நின்றது.

"இது எந்த மானோட கொம்புன்னு போடணும். அதுக்கு அளவு, அடையாளம் வேணும். சார், ராசா கொம்போட நின்ன போட்டோ ஏதும் ஒங்ககிட்ட இருக்கா?"

கேட்டது செல்வமுருகனிடம். மலையேறிய மூன்று நாளில் அவரை மதித்து ஒருவர் ஒரு கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது.

"போட்டோ எதுக்கு சார்? போன வருஷம் விழுந்த ஒத்தக் கொம்பே எங்க வீட்டு ஹால்ல மாட்டியிருக்கு, ஜோடிக்குத்தான் மூணு நாளா அலையறோம்."