ஐ.எஸ்.ஓ. 25,600

திரையில் படத்தைப் பெரிதாக்கினால் முகம் காணாமல் போகிறது. சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் புள்ளிகள்தான் மிஞ்சுகின்றன.

சிறிதாக்கினார். கோமதி திரும்பி வந்தாள்.

நாளை பதினாறாம் நாள். மாலை போட மனைவி கோமதியின் படம் ஒன்று வேண்டும்.

இருபத்திரண்டு வருஷமாகக் கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர். ஊரில் பாதிப் பெண்களின் முகம் அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது. இவள் முகம் இல்லை. தங்கள் கல்யாண ஆல்பத்தில் இருப்பது மெலிந்த, மூக்குக் குத்தாத ஒரு பெண். செல்போனில் இருப்பதெல்லாம் மகளின் படங்கள். எடுத்தது கோமதி.

அகப்பட்டது இந்த ஃபோல்டர் ஒன்றுதான். 'டெஸ்ட்' என்று பெயர்.

புதுக் கேமரா வாங்கிய அன்று, வெளிச்சம் குறைந்த இடத்தில் படம் எப்படி விழுகிறது என்று பார்க்க, அடுக்களை ஜன்னலைச் சாத்திவிட்டு அவளை நிற்க வைத்தார். கேமரா வெளிச்சத்தை வாங்கும் அளவான ஐ.எஸ்.ஓ.வை நூறில் தொடங்கி, 25,600 வரை ஒவ்வொரு படத்துக்கும் ஏற்றிக்கொண்டே போனார். குறைந்த எண்களில் ஷட்டர் மெதுவாக மூடியதால் அவள் அசைந்து கலைந்திருந்தாள். அடுப்பில் உலை கொதிக்கிறது, அவள் எப்படி ஆடாமல் நிற்பாள். கடைசிப் படத்தில்தான் ஆள் தெளிவாக விழுந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். கூடவே, மணலை வாரி இறைத்ததுபோல் படம் முழுக்கப் புள்ளி.

அன்று கேமராவின் சின்னத் திரையிலேயே அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னையப் பாக்கீங்களா, புள்ளியப் பாக்கீங்களா?"

"புள்ளியத்தான்" என்றார். உண்மையைத்தான் சொன்னார்.

இப்போது படத்தைச் சாஃப்ட்வேரில் போட்டார். புள்ளிகள் மறைந்தன. முகம் மெழுகு பூசியதுபோல் வழவழப்பானது. மூக்குத்தியும் போயிருந்தது. அதையும் ஒரு புள்ளி என்று எண்ணித் துடைத்துவிட்டிருக்கிறது.

பெரிய விஷயமில்லை. எத்தனையோ மணப்பெண்களுக்குக் கலைந்த பொட்டைத் திருத்தி வரைந்த கை. பிரஷ்ஷை மூக்கருகே கொண்டுபோனார்.

கை நின்றது.

இடமா, வலமா?

பழைய படத்தைத் திரும்ப வரவழைத்தார். புள்ளிகள் எல்லாம் வந்தன. மூக்கின் இரண்டு பக்கமும் வெள்ளையாக ஒவ்வொரு புள்ளி.

ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்த மூக்குத்தி சட்டைப்பையில்தான் இருந்தது. காகித மடிப்பைப் பிரித்தார். ஒற்றைக் கல். எந்தப் பக்கம் போட்டாலும் பொருந்தும்.

அவருக்கு அழுகை வரவில்லை. முதலில் வெட்கம்தான் வந்தது.

மகள் பின்னால் வந்து நின்றாள். திரையை நோக்கிக் குனிந்தாள்.

"அம்மா மூக்குத்திகூடத் தெரியுதுப்பா."

அவர் நாற்காலியைச் சற்று நகர்த்தி அவளுக்கு இடம் விட்டார்.

"எந்தப் பக்கம்?"

மகள் திரையை விட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.