மாடிச் சாவி

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். என் மருமகள் செண்பகவல்லி. அவள் தகப்பனார் குற்றாலிங்கம். டாக்டர் ரெஜினா. நான்.

இன்னும் பெயர் வைக்காத என் பேரனையும் சேர்த்தால் ஐந்து.

பிறந்து ஆறு நாள். அவனுடைய இடது கை மட்டும் விட்டுவிட்டுத் துடித்தது. டாக்டர் அந்தக் கையைப் பிடித்தார். பிடிக்குள்ளும் துடித்தது.

பிறகு உதடு நீலமானது.

"குடும்பத்துல யாருக்காவது வலிப்பு உண்டா?"

"எங்க வம்சத்துல கிடையாது" என்றேன். "அவங்க பக்கம் விசாரிங்க."

குற்றாலிங்கம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பச்சப்புள்ள இப்படிக் கெடக்கான். இப்பவுமா சம்பந்தி?"

கதவுக்கு வெளியே என் தங்கை நின்றிருந்தாள். அவள் காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி.

குழந்தைக்கு ரத்தம் எடுத்தார்கள். தாய்க்கும் எடுத்தார்கள்.

முடிவு வந்தது. டாக்டர் என்னிடம்தான் சொன்னார்.

"பரம்பரை நோயெல்லாம் இல்லங்கய்யா. புள்ளைக்கு ரத்தத்துல கால்சியம் ரொம்பக் கொறஞ்சிருக்கு. அம்மாவுக்கே வைட்டமின் டி இல்ல. அதனால வந்தது."

பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, வெயில்லயே நிக்க மாட்டியா?"

செண்பகவல்லி என் இடுப்பைப் பார்த்தாள்.

வேட்டி மடிப்பில் மொட்டைமாடிச் சாவி இருந்தது.

எங்கள் வீட்டில் கர்ப்பிணி வாசல் தாண்டுவதில்லை. என் தாயார் தாண்டவில்லை. என் மனைவி தாண்டவில்லை. வடகம் காயவைக்க மாடிக்குப் போகட்டுமா என்று ஐந்தாம் மாதத்தில் இவள் கேட்டாள். எதிர் மாடியில் வாடகைக்கு வந்த ஆண்கள் இருந்தார்கள்.

அன்றே பூட்டினேன்.

என் தாயாருக்கும் மனைவிக்கும் பழைய வீட்டில் முற்றம் இருந்தது. உச்சி வெயில் நேரே உள்ளே இறங்கும். அந்த வீட்டை இடித்து, முற்றம் இல்லாமல் புது வீடு கட்டியவன் நான். வழக்கத்தை மட்டும் இடிக்கவில்லை.

மருந்தை மிக மெதுவாக ஏற்றினார்கள். டாக்டரின் கண் இதயத் துடிப்பு ஓடும் திரையை விட்டு நகரவில்லை. குற்றாலிங்கமும் நானும் ஒரே கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கை அடங்கியது.

வெகு நேரம் கழித்து அழுதான். பசி அழுகை.

பேரன் வீடு திரும்பிய அன்று ஒரு செய்தி வந்தது. குற்றாலிங்கத்தின் இளைய மகளைப் பெண் பார்க்க வரவிருந்த கடையநல்லூர்க்காரர்கள் வரவில்லை. வலிப்புக் குடும்பம் என்று கேள்விப்பட்டார்களாம்.

சாவியை மாடிக் கதவிலேயே தொங்கவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு கடையநல்லூர் பஸ் ஏறினேன்.

அறுபத்தெட்டு வயதுவரை அழைப்பில்லாமல் ஒருவர் வீட்டு வாசலில் நான் நின்றதில்லை.

உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை.

"குற்றாலிங்கம் வீட்டுல யாருக்கும் வலிப்பு கிடையாது. இருக்குன்னு சொன்னவன் நான். அது பொய். என் பேரனுக்கு வந்தது கால்சியம் கொறஞ்சு வந்தது. அவன் ஆத்தாளுக்கு வெயில் படாம மாடியைப் பூட்டி வச்சதும் நான்தான்."