மூலை மரத்தில் ஒரு குறி

"எங்க கொள்ளுத்தாத்தா நார்வேயிலிருந்து வந்து, ஒத்த ஆளா நின்னு கட்டின வீடுய்யா இது! உங்க ஸ்வீடன்காரங்களுக்கு நாய்க்கூண்டாவது கட்ட வருமா?"

டோர்வால்டின் கேலிக்கு வழக்கம்போல் சிரித்துக்கொண்டே, பக்கத்துப் பண்ணை நில்ஸ் பழைய சுவர்ப்பலகையை மாற்றுவதற்காகப் பெயர்த்தான். அடுத்த வாரம் மினசோட்டா அரசு அந்த வீட்டை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்போகிறது.

உள்ளேயிருந்த மூலை மரத்தில், கட்டியவன் தன் குடும்பக் குறியைச் செதுக்கியிருந்தான். மீன்முள் மாதிரி மூன்று கோடுகள். நில்ஸ் வீட்டுச் சாமான் எல்லாவற்றிலும் இருக்கும் அதே குறி.

டோர்வால்ட் பதறிப்போய் அதை முதுகால் மறைத்து நின்றான்.

"நகருப்பா, மூடி ஆணி அடிச்சிடறேன்" என்றான் நில்ஸ்.

"உனக்குத் தெரியுமா?"

"சின்ன வயசிலேயே தெரியும். உங்க கொள்ளுத்தாத்தாவைப் பத்தி, 'கால் ஒடிஞ்சு கிடந்த மனுஷன், ஊர்ல தலைநிமிர்ந்து நடக்கட்டும், வெளியே சொல்லாதீங்க'ன்னு எங்க கொள்ளுத்தாத்தா வீட்ல எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கியிருக்கார். ஆணியைக் கொடு."

டோர்வால்டுக்குக் கை எழவில்லை.