கசற்றின் கடைசி இரண்டு நிமிடம்

“வெறுங்குடத்தோடை நடவுங்கோம்மா. படத்திலை தண்ணி தெரியாது,” என்று மறுபடியும் சொல்லிப் பார்த்தான் லியோன்.

“தண்ணி தெரியாது தம்பி, இடுப்புத் தெரியும். நிறைகுடம் தூக்கினால்தான் இடுப்பு ஒருபக்கம் சரியும். என்ர பொடியளை ஏமாத்த ஏலாது,” என்றாள் இராசமணி.

ஊர்காவற்றுறையிலிருந்து காலை பஸ்ஸில் கமராவையும் கார் பற்றறியையும் தூக்கிக்கொண்டு இறுப்பிட்டிக்கு வந்தவன் லியோன். ஜேர்மனியிலும் கனடாவிலும் இருக்கும் இராசமணியின் மகன்மார், அம்மாவின் வாழ்க்கையை முழுக்க வீடியோவில் எடுத்து அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார்கள். முதலில் பழைய படங்கள், பிறகு அம்மா இப்போது எப்படி இருக்கிறா என்று நாலு காட்சி. அரைநாள் வேலை என்றுதான் ஒப்புக்கொண்டான். இப்போது மணி நாலு. நாலரைக்குக் கடைசி பஸ்.

கரைச்சல் காலையிலேயே தொடங்கிவிட்டது. பிஸ்கற் தகரத்துக்குள் இருந்த படங்களை இராசமணி பாயில் கொட்டினாள். கலியாணப் படம் சரி. கைக்குழந்தைகளோடு எடுத்த படம் சரி. புருசன் ஏரம்புவின் செத்தவீட்டுப் படம் வந்ததும் வெடுக்கென்று பறித்துக் கவிழ்த்து வைத்தாள்.

“வாழ்க்கைக் கதையெண்டால் செத்தவீடும் வேணுமெல்லோ அம்மா?”

“அதிலை நான் சரிஞ்சுபோய் நிக்கிறன். வேண்டாம்.”

நயினாதீவுத் திருவிழாவில் மகளின் தோளைப் பிடித்தபடி நிற்கும் படத்துக்கும் அதே கதிதான். இந்த வயதிலும் மனிசிக்கு அழகு பார்க்கிற புத்தி போகவில்லை என்று லியோன் உள்ளுக்குள் கறுவினான்.

ஒரேயொரு படத்தை மட்டும் சீலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்துக் கொடுத்தாள். மகள் மீனலோசனி ஸ்ரூடியோவில் எடுத்த படம்.

“இது கடைசியிலை வரவேணும். கனநேரம் நிக்கவேணும்.”

“ஒரு படத்துக்குப் பத்துச் செக்கன் காணும், அதுக்கு மேலை தேவையில்லை. இதென்ன, உங்கட கதையோ, அவவின்ர கதையோ?” என்று எரிந்து விழுந்துவிட்டு, அதைப் புறம்பாக எடுத்து வைத்தான்.

அந்த மீனலோசனிதான் அவனுக்கு இன்னும் விசரை ஏற்றினாள். தாய் முற்றம் கூட்டினாள், விறகு கொத்தினாள், மா இடித்தாள். எல்லாம் கமராவுக்குள் போயிற்று. மகளோ நல்ல சீலை உடுத்து, கதிரையைப் போட்டுக் குந்திக்கொண்டிருந்தாள். ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடவில்லை.

“தங்கச்சி, எழும்பி அந்தக் குடத்தையாவது வாங்குமன்!”

மீனலோசனி தாயின் முகத்தைப் பார்த்தாள்.

“அவள் இருக்கட்டும். நீர் எடும்!” என்றாள் தாய்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். தமையன்மார் செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறார்கள் என்று லியோன் முடிவுகட்டினான்.

நல்லதண்ணிக் கிணற்றிலிருந்து முற்றம்வரை குடத்தோடு வரவேண்டும். முதல்தரம் குறுக்கே ஆடு வந்தது. இரண்டாந்தரம் நன்றாகத்தான் வந்தது.

“நான் நொண்டினமாதிரித் தெரிஞ்சுதோ?”

“கொஞ்சம்.”

“அப்ப திரும்ப எடும்.”

“அம்மா, பற்றறி சாகப்போகுது!”

“அது சாகமுந்தி எடும்.”

மூன்றாந்தரம் குமரிப்பிள்ளைபோல விறுவிறுவென்று நடந்து வந்தாள். குடத்தை இறக்கி வைத்துவிட்டு, மகன்மாரே முன்னால் நிற்பதுபோலக் கமராவை நேராகப் பார்த்தாள்.

“தம்பியவை, பாத்தனீங்கள்தானே? எனக்கு ஒருத்தற்ர உதவியும் தேவையில்லை. தங்கச்சி போனால் அம்மாவை ஆர் பாக்கிறதெண்டு ரண்டுபேரும் மாறிமாறி எழுதி, வந்த மூண்டு சம்மந்தத்தையும் தட்டிக்கழிச்சுப்போட்டியள். இந்தச் சுவிஸ் மாப்பிளையையாவது விடாதேங்கோ. கலியாணத்தைப் பேசி அவளைக் கூப்பிடுங்கோ. அம்மா கல்லுமாதிரி இருக்கிறன்.”

சொல்லி முடிந்ததும் முழங்கால் மடங்கிவிட்டது. மீனலோசனி பாய்ந்து வந்து தாங்கிப் பிடித்து, தாயைக் கதிரையில் இருத்தினாள். நல்ல சீலையோடு நிலத்தில் குந்திக் காலைப் பிடித்துவிட்டாள். எந்த இடத்தில் நோகும் என்று அந்தக் கைகளுக்குத் தெரிந்திருந்தது.

“வேண்டாமெண்டு சொன்னனான் அம்மா. நான் ஒரு இடமும் போகேல்லை,” என்று அழுதாள்.

“வாயை மூடு. உனக்கு முப்பத்துமூண்டு முடியுது. நான் எப்பிடியும் சமாளிப்பன்.” மூச்சு வாங்கியபடி இராசமணி திரும்பினாள். “கமரா நிண்டிட்டுதோ தம்பி?”

லியோன் பார்த்தான். சிவப்பு லைற் எரிந்துகொண்டேயிருந்தது. விழுந்தது, தூக்கியது, அழுதது, இரண்டு நிமிடமும் வீடியோக் கசற்றில் ஏறிவிட்டது. காலையிலிருந்து அந்தப் பிள்ளையைத் திட்டியதை நினைக்க அவனுக்கு வெட்கமாக இருந்தது.

“அண்ணை, அது அப்பிடியே இருக்கட்டும்,” என்றாள் மீனலோசனி. “பெரியண்ணையும் சின்னண்ணையும் உள்ளதைப் பாக்கட்டும்.”

“அழிச்சுவிடும் தம்பி,” என்றாள் இராசமணி.

“உங்கள் ரண்டுபேரோடையும் பெரிய கரைச்சல்,” என்று முணுமுணுத்துக்கொண்டே லியோன் கசற்றைப் பின்னுக்கு ஓட்டினான். ‘கல்லுமாதிரி இருக்கிறன்’ என்ற இடத்தில் நிறுத்தினான். ஸ்ரூடியோப் படத்தை எடுத்துத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்து, கமராவைக் கிட்டக் கொண்டுபோனான்.

“பத்துச் செக்கன் காணுமெண்டு சொன்னனீர்?” என்றாள் இராசமணி மெதுவாக.

“காணாதம்மா,” என்று பொத்தானை அழுத்தினான்.

சந்தியில் கடைசி பஸ் கோர்ன் அடித்தது. லியோன் அசையவில்லை. முதல் பதிந்த இரண்டு நிமிடமும் இந்தப் படத்தால் முழுசாக அழிந்து முடியட்டும் என்று நின்றான்.