ஒட்டுக்கேட்கும் பெட்டி

"அக்கா, அவன் வந்திருக்கிறது உங்க காதைத் திருடத்தான்" என்று முணுமுணுத்தான் பேக்கிங்காரன்.

அவள் தன் மேஜையில் புதிதாக முளைத்திருந்த கறுப்புப் பெட்டியையே பார்த்தாள். அதன் முனையில் ஒரு மைக். எதிரே, தலையில் ஹெட்போனுடன், போன மாதம் சேர்ந்த புது இன்ஜினீயர்.

சூளையிலிருந்து வரும் பீங்கான் தட்டுகள் அவள் கையைத் தாண்டித்தான் பேக்கிங்குக்குப் போகும். தட்டை மூன்று விரல் நுனியில் நிறுத்தி, மரக்குச்சியால் விளிம்பில் ஒரு சின்ன அடி. நல்ல தட்டு மணிபோல் ஒலித்து மெதுவாக அடங்கும். உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால், அதிர்வு அந்த இடத்தில் உரசி, ஒலி பாதியிலேயே செத்துவிடும். கண் கோட்டை விடுவதைக் காது பிடித்துவிடும்.

"எதுக்கு தம்பி இந்தப் பெட்டி?"

"சும்மா ஒரு சோதனைம்மா. நீங்க வழக்கம்போல பாருங்க."

"சும்மான்னா?"

தட்டின் அடியில் ஒட்டியிருந்த எண் சீட்டைப் பார்த்துக்கொண்டே, "முடிஞ்சதும் சொல்றேன்" என்றான்.

அட்டைப்பெட்டி எடுக்கும் சாக்கில் குனிந்தான் பேக்கிங்காரன். "பார்த்தீங்களா, மழுப்புறான். நீங்க பார்க்கப் பார்க்க அது கத்துக்கும். கத்து முடிச்சதும் உங்களுக்கு டாட்டா."

அவளுக்கு ஐம்பதைத் தாண்டிய வயது, எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. இந்த வாசலை விட்டு இறங்கினால் வேறு யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

கத்துக்கட்டும். தப்பாகவே கத்துக்கட்டும்.

அடுத்த தட்டின் ஒலி பாதியில் செத்தது. நல்லதோடு சேர்த்து வைத்தாள். அதற்கடுத்தது கணீரென்றது. கழிவுப் பக்கம் தள்ளினாள்.

இன்ஜினீயரின் புருவம் சுருங்கியது. "அம்மா, இன்னொரு தடவை கேட்டுச் சொல்றீங்களா?"

"ஒரு தடவை சொன்னா சொன்னதுதான் தம்பி."

பேக்கிங்காரன் சிரிப்பை மறைக்க இருமினான்.

கடைசித் தட்டு முடிந்ததும் இன்ஜினீயர் ஹெட்போனைக் கழற்றினான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"காது முன்ன மாதிரி இல்லையாம்மா?"

"வயசாச்சில்ல" என்றாள், உள்ளம் குளிர்ந்துபோய்.

"இந்த மெஷின் ஏற்கெனவே எல்லாம் கத்துக்கிட்டு வந்ததுதாம்மா. ஆனாலும் நிறைய விரிசலைத் தவற விடுது. உங்க காதுதான் நம்பகம், உங்களை வேலையை விட்டு அனுப்பாதீங்கன்னு முதலாளிகிட்ட மல்லுக்கட்டினேன். அதுக்கு அவர், விரிசல் எதுன்னு முன்னாடியே தெரிஞ்ச தட்டுங்களை ரெண்டு பேருக்கும் கொடுத்துப் பாரு, அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லாதேன்னார்."

அவன் அவளுடைய மரக்குச்சியை ஓரமாக நகர்த்திவிட்டு, பெட்டியை மேஜையின் நடுவில் வைத்தான்.

"இப்ப அதுதாம்மா ஜெயிச்சிருக்கு."