இரண்டாவது பெட்டி யார் வீட்டில்?

“ஒரே மாதிரி ஹார்ட் டிஸ்க் எதுக்கும்மா ரெண்டு? கடைக்காரன் தலையில கட்டறானா?”

மகள் எழுதிய லிஸ்ட்டை வீரபாகு கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர்தான். ஆனால் ஒரு தாளில் எது அதிகப்படி என்று கண்டுபிடிப்பதில் காஞ்சிபுரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை.

“ஒன்னுல எழுதறது அப்படியே இன்னொன்னுலயும் எழுதிக்கும்பா. ஒன்னு செத்தாலும் இன்னொன்னு நிக்கும்” என்றாள் இளவரசி.

“அறுபத்து நாலு ஜிபி ரேமு?”

“இந்த ஒரு பெட்டிக்குள்ள மூணு கம்ப்யூட்டர் ஓட்டப் போறேன். உங்க டிசைன் சாஃப்ட்வேர் பழசு, பழைய கம்ப்யூட்டர்லதான் ஓடும். அதனால உள்ளேயே ஒரு பழைய கம்ப்யூட்டர். என் ஆபீஸ் வேலைக்கு ஒன்னு. டிசைனையெல்லாம் பத்திரமா வெக்க ஒன்னு.”

“ஒரு தறியில மூணு சேலை நெய்யறேன்றே.”

“அதேதான்.”

வீரபாகுவுக்கு உள்ளூரப் பெருமை. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

போன மாதம் பழைய கம்ப்யூட்டர் திடீரென்று படுத்துவிட்டது. அவர் வரைந்த பார்டர், முந்தானை டிசைன்கள், இருபத்தாறு வருட உழைப்பு, மொத்தமும் அதற்குள். நாலு நாள் வீட்டில் அடுப்பு எரிந்ததே தவிர, அவர் சாப்பிடவில்லை. சென்னையில் யாரோ ஒரு புண்ணியவான் திரும்ப எடுத்துக் கொடுத்தான். “இன்னொரு தடவை இப்படி ஆனா என்னால முடியாது” என்று சொல்லித்தான் கொடுத்தான்.

“கடைசியில இன்னொரு சின்னப் பெட்டின்னு எழுதியிருக்கியே, அது எதுக்கு?”

“அதுதாம்பா முக்கியம். வீட்டுல தண்ணி பூந்தா, தீப்பிடிச்சா, ரெண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போயிடும். அதனால இன்னொரு நகல், வேற ஒருத்தர் வீட்டுல. நெட் வழியா தினமும் தானே போய்க்கினு இருக்கும்.”

“வேற வீட்டுலயா? என் டிசைனா?”

“ஆமா. சாமான் வாங்க என் ஃப்ரெண்ட் அபி நாளைக்கு சென்னை போறா. யார் வீடுன்னு இப்பவே சொல்லுங்க. இல்லன்னா வெளிநாட்டுக் கம்பெனிக்காரன்கிட்ட வாடகைக்கு இடம் எடுக்கலாம்.”

“மூஞ்சி தெரியாதவன்கிட்டயா? ஏதாச்சும் ஒன்னுன்னா யார்கிட்ட போய் சண்டை போடறது?”

“அப்ப இந்த ஊர்லயே ஒருத்தரைச் சொல்லுங்க. பாஸ்வேர்டு போட்டுத்தான் வெப்பேன்.”

“நான் பாக்காத பூட்டா? ஆள் சரியா இருக்கணும்மா.”

சமையலறையில் இருந்து அவர் மனைவி அம்சவேணி எட்டிப் பார்த்தாள். “என் தம்பி முத்துக்குமார் வீட்டுல வெச்சா இன்னா?”

“நல்லா வெப்பே. நான் போட்ட அன்னப்பட்சி பார்டர், என் தறியில ஏறறதுக்கு முன்னாடி உன் தம்பி கடைக் கண்ணாடியில தொங்கிச்சு. கேட்டா, ‘உங்க அன்னம் வலது பக்கம் பாக்குது மாமா, இது இடது பக்கம் பாக்குது’ன்றான்!”

அம்சவேணி தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

“அருள் அத்தான்?” என்றாள் இளவரசி.

“துக்கம் விசாரிக்கப் போன வீட்டுல, செத்தவங்க மேல போத்தியிருந்த பட்டுச் சேலையை செல்லுல போட்டோ எடுத்தவன் உங்க அத்தான்.”

“கமலாட்சி அக்கா? அவங்க வீட்டுல தறியே கிடையாதே.”

“தறி கிடையாது. மருமவன் ஆரணியில ஜவுளிக்கடை வெச்சிருக்கான்.”

“எதிர் வீட்டு பிரேம்நாத் சார்? அவர் வாத்தியார்பா, சேலைக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்ல.”

“என்கிட்ட ஏணி வாங்கிக்கினு போனாரு. ஏழு வருஷமாச்சு, இன்னும் இறங்கல.”

இளவரசி பேனாவை எடுத்தாள். “உங்க கணக்குக்கு இந்த ஊர்ல ஒரு நல்ல மனுஷன் கூட இல்ல. ரெண்டாவது பெட்டியை அடிச்சிடறேன். போனா போகட்டும்.”

“இரும்மா!”

வீரபாகு எழுந்தார். சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். தெருவைப் பார்த்தார். மறுபடி வந்து உட்கார்ந்தார். வேண்டாத மருந்தை விழுங்குகிறவர் மாதிரி சொன்னார்.

“கலியன் வீட்டுல வை.”

இந்தத் தடவை அம்சவேணி முழுசாகவே வெளியே வந்துவிட்டாள். “எந்தக் கலியன்? அட்டை குத்தற கலியனா?”

தறிக்கு டிசைன் அட்டை குத்தித் தருகிறவர் கலியன். ஊரில் பாதிப் பேருடைய டிசைன் அவர் பட்டறை வழியாகத்தான் தறிக்குப் போகும்.

“அவனேதான்.”

“பன்னெண்டு வருஷமா அவர்கிட்ட பேச்சு கிடையாது. அவர் பொண்ணு கல்யாணத்துக்கு என்னையும் போக விடல. அவர் ஏறினாருன்னு பஸ்ஸுல இருந்து பாதி வழியில இறங்கி நடந்தே வந்தீங்க. இப்ப அவர் வீட்டுலயா?”

“இப்பவும் பேச மாட்டேன். இளவரசி போய் வெச்சிட்டு வரட்டும்.”

இளவரசி பேனாவைக் கீழே வைத்தாள். “சொந்தக்காரங்க அத்தனை பேரையும் வேணாம்னீங்க. அவரை மட்டும் எப்படிப்பா நம்பறீங்க? அவர் உங்களுக்கு அப்படி இன்னாதான் பண்ணாரு?”

வீரபாகுவின் முகம் சிவந்தது. பன்னிரண்டு வருடக் கோபம் சூடு ஆறாமல் அப்படியே மேலே வந்தது.

“அவன் பட்டறை மேசை மேல வேற ஒருத்தரோட டிசைன் இருந்துது. ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்டான்னு கெஞ்சினேன். நாலு பேர் எதிர்ல, தோள்ல கிடந்த துண்டை எடுத்து அதுமேல போட்டு மூடிட்டாம்மா, பாவி!”